மேகத்துக்குக் கீழே வெள்ளி

1.
இந்தக் கதை ஒரு சந்தேகத்தில் பிறந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 1959இல், மனிதர் அனுப்பிய கலம் நிலாவையே அப்போதுதான் எட்டியிருந்த நேரத்தில், புதுச்சேரியில் ஒருத்தி வெள்ளிக் கோளைச் சுற்றிவரும் விண்கலத்துக்குத் திட்டம் போட்டிருப்பாளா? போட்டிருக்கட்டுமே என்று ஆரம்பித்தேன்.

கடலுக்கு மேலே அந்தி வெள்ளி மின்னியபோது, அகஸ்டினா...

(வேண்டாம். புதுச்சேரியில் கடல் கிழக்கே. அந்தி வெள்ளி மேற்கே.)

2.
அகஸ்டினா முத்தியால்பேட்டைக்காரர்; பெண்கள் பள்ளியில் கணக்கு ஆசிரியை. ஆசிரியர் கூட்டத்தில் அவருடைய பேச்சு எடுபட்டால் பெண்களுக்கும் பௌதிக வகுப்பு தொடங்கலாம் என்று தலைமையாசிரியை செல்வாம்பாள் வாக்குக் கொடுத்திருந்தார். அதற்குத்தான் இத்தனை பாடும். விண்கலம் வெள்ளியைச் சுற்றும். கேமரா தரையைப் படமெடுக்கும். இதுதான் திட்டம். அதைப் பெரிய தாளில் வரைந்து கொடுத்தவள் ஓவிய ஆசிரியை தனம்.

கூட்டத்துக்கு முந்தின நாள், வண்ணம் தீட்டிக்கொண்டே தனம் கேட்டாள்:

"யக்கா, வெள்ளியச் சுத்தி எப்பவும் மேகம்னு சொன்னீங்களே. அப்ப தரை எப்படித் தெரியும்?"

பேச்சுக்குக் குறிப்பெழுதிக்கொண்டிருந்த அகஸ்டினா பேனாவைக் கீழே வைத்தார்.

(இங்கே நானும் சில நாள் நின்றுவிட்டேன்.* அவரைக் காய்ச்சலில் படுக்கவைத்துக் கூட்டத்தைத் தட்டிக்கழிக்கலாமா என்றுகூடப் பார்த்தேன். அவர் சம்மதிக்கவில்லை.)

"மொத்தமும் போச்சு தனம். கேமரா மேகத்தத்தான் புடிக்கும்."

"வெறும் மேகத்த வச்சிகினு என்னா பண்றது?"

பதில் சொல்ல வாயெடுத்தபோதுதான் அகஸ்டினாவுக்கு உறைத்தது. மேகம் எந்தப் பக்கம் ஓடுகிறது, எங்கே திரள்கிறது என்று பார்த்தால் அதுதானே பருவநிலை! தரைக்கு ராடார் இருக்கிறது. ரேடியோ அலையை மேகம் மறிக்காது. அது தரையில் பட்டுத் திரும்பும் நேரத்தை வைத்து மேடு பள்ளத்தைக் கண்டுவிடலாம்.

"மேகத்தையே புடிக்கட்டும்டி!" என்று தனத்தைக் கட்டிக்கொண்டார். சேலையெல்லாம் நீல வண்ணம்.

* அந்த நாட்களில் ராடார் பற்றிப் படித்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். முக்கால்வாசி தூக்கம்.

3.
[கைதட்டலில் மண்டபமே அதிர்ந்... அடித்து நீக்கிவிட்டேன். எல்லாரும் கொல்லென்று சிரித்... அதையும்.]

நடந்தது இவ்வளவுதான். எடுத்த எடுப்பிலேயே அகஸ்டினா, தன் முதல் திட்டம் தப்பென்றும் அதைக் கண்டது தனம் என்றும் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. கடைசிவரை கேட்டார்கள். முடிந்ததும் செல்வாம்பாள் வந்து, "வர்ற வருஷமே பௌதிக வகுப்ப ஆரம்பிச்சிடுங்க மதாம்" என்று பிரெஞ்சு மரியாதையோடு சொன்னார்.

அகஸ்டினா படத்தைச் சுருட்டித் தனத்தின் கையில் கொடுத்தார்.

4.
வெளியே வந்ததும் தனம் கேட்டாள்: "அந்த மேகத்துக்குக் கீழ என்னாதான்க்கா இருக்கும்? கடலா?"

"இருந்தாலும் இருக்கும். போய்ப் பாத்தாத்தான தெரியும்!"

உங்களுக்கும் எனக்கும் தெரியும். கடல் இல்லை, ஈயம் உருகும் சூடு. இந்த நிம்மதியான சாயங்காலத்தில் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொல்லியே தீரவேண்டும் என்றால் நீங்கள் எட்டி நடந்து அவர்களைப் பிடியுங்கள். சிரித்துக்கொண்டே இப்போதுதான் மிஷன் வீதி முனையில் திரும்புகிறார்கள்.