வெந்நீரில் பிரேக் கிடையாது

ஊரில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்தவர் அவர். மீதிப் பேர் அவருக்குப் பயந்து இன்னும் பஸ்ஸில்தான் போய்க்கொண்டிருந்தார்கள். பயிற்சிப் பள்ளியின் பலகையில் அப்பா அம்மா வைத்த பெயர் கொட்டை எழுத்தில் இருந்தாலும், ஊருக்கு அவர் பிரேக் மாஸ்டர்தான்.

பயிற்சி வண்டியில் மாஸ்டர் உட்காரும் பக்கத்திலும் காலடியில் ஒரு பிரேக் உண்டு. முப்பது வருஷமாக அதை மிதித்து மிதித்து, அந்தக் கால் மட்டும் தனி உத்தியோகத்தில் இருப்பது போல ஆகிவிட்டது. தியேட்டரில் திரையில் லாரி வந்தால் முன்சீட்டுக்காரருக்கு உதை விழும். தூக்கத்தில் விழும் உதையில் கட்டிலின் கால்மாட்டுப் பலகையே விரிசல் விட்டிருந்தது.

அவரிடம் ஒரு தொழில் ரகசியமும் இருந்தது. ஓட்டுகிறவருக்குக் கை படிந்துவிட்டது என்று தெரிந்ததும், சத்தமில்லாமல் காலைத் தூக்கி சீட்டில் மடக்கி வைத்துக்கொள்வார். வாய் மட்டும், "நான் இருக்கேன்ல, பயப்படாம போ" என்று சொல்லிக்கொண்டிருக்கும். பிரேக்கில் யாருமே இல்லை என்பது தெரியாமல் அவர்கள் பாட்டுக்கு ஊரைச் சுற்றி வந்துவிடுவார்கள். இந்த ரகசியம் தெரிந்த ஒரே ஆள் அவர் மனைவி. யார் ஓட்டினால் அவருடைய கால் மடங்கவே மடங்காதோ, அந்த ஒரே ஆளும் அவள்தான்.

அவள் ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுக்கிறவள். "அந்தக் காலண்டர்ல என்ன படம்னு பாருங்க" என்பாள். நோயாளி யானையா குதிரையா என்று பார்த்து முடிப்பதற்குள் ஊசி குத்தி ரத்தம் எடுத்துப் பஞ்சும் வைத்திருப்பாள். இப்போது நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் புதிதாகத் திறக்கும் கிளைக்கு அவளையே லேப் தலைவியாகப் போகச் சொல்லியிருந்தார்கள். விடியற்காலை வேலை. அந்த நேரத்துக்கு அந்தப் பக்கம் பஸ் கிடையாது. வருகிறேனா இல்லையா என்று திங்கட்கிழமை அவள் பதில் சொல்ல வேண்டும்.

லைசென்ஸ் இல்லாமல் இல்லை. மாஸ்டரிடம் கற்றுக்கொள்ள உட்கார்ந்தவள், ஒருநாள் நடுச் சிக்னலில் கதவைத் திறந்து இறங்கி, பின்னால் நின்ற பஸ்ஸில் ஏறி வீட்டுக்குப் போய்விட்டாள். அப்புறம் எதிர்வரிசையில் கடை போட்டிருக்கும் போட்டிப் பள்ளிக்காரரிடம் கற்று, முதல் தடவையிலேயே பாஸும் செய்துவிட்டாள். அந்த லைசென்ஸ் அவள் கைப்பையிலேயே கிடந்தது. வீட்டுக் காரின் சாவி அவர் பாக்கெட்டில்.

"சாவியக் குடுப்பீங்களா, மாட்டீங்களா?"

"பார்க்கலாம்."

"பார்க்கலாம்னா எப்போ?"

"பார்க்கலாம்னா பார்க்கலாம்."

இந்தச் சமயம் பார்த்து அவருக்குக் கழுத்துப் பிடித்துக்கொண்டது. தலையைத் திருப்ப முடியவில்லை. யாராவது கூப்பிட்டால், ரிவர்ஸ் எடுக்கிற வண்டி மாதிரி முழு உடம்போடு திரும்பினார். வெந்நீர் ஊற்றில் குளித்தால் இளகும் என்றார் டாக்டர். மனைவி அன்றைக்கே போன் போட்டு இடம் பிடித்தாள். அவளுடைய சுறுசுறுப்பு அவருக்கு லேசாக உறுத்தத்தான் செய்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை, குளியல் நிலையத்தின் வரவேற்பு மேஜையில் இருந்த பெண் அவர் கையையே பார்த்தாள்.

"இது எதுக்கு சார்?"

அவர் கையில் ஒரு பிளாஸ்டிக் வாளி. வாளிக்குள் மக், சோப்பு டப்பா, முதுகு தேய்க்கும் நார்.

"குளிக்கத்தானே வந்திருக்கோம்?"

சுவரில் மாட்டியிருந்த மலைக்காட்சிப் படத்தை மனைவி திடீரென்று மிகுந்த ஆர்வத்தோடு பார்க்க ஆரம்பித்தாள், வேறு யாருடைய வீட்டுக்காரரோ பேசுகிறார் என்பது போல.

"வாளியெல்லாம் உள்ள வேண்டாம் சார். ஷவர்ல சோப்பு போட்டு நல்லா குளிச்சிட்டு, அப்புறம் குளத்துல இறங்குங்க."

"குளிக்கிறதுக்கு முன்னாடி ஒரு குளியலா? நான் வீட்லயே குளிச்சிட்டுத்தாம்மா வந்தேன்."

"அப்ப மூணு குளியல்" என்றாள் மனைவி, படத்தை விட்டுக் கண்ணை எடுக்காமலே.

லாக்கர் சாவியை ரப்பர் வளையத்தில் கோத்து மணிக்கட்டில் மாட்டிவிட்டார்கள். தலைக்கு ஒரு நீல ரப்பர் தொப்பி. அதை இழுத்து மாட்டுவதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது. கண்ணாடியில் பார்த்தால் நீலத்தில் உரித்த வெங்காயம் ஒன்று அவரையே முறைத்தது. வெளியே வந்தபோது, மகளிடம் கடன் வாங்கிய முழுக்கை நீச்சல் உடையில் மனைவி காத்திருந்தாள். அவள் தோள் குலுங்கியது.

"சிரிக்காத."

"யாரு சிரிச்சா? தொப்பி எடுப்பா இருக்கு."

உள்ளே ஒரே ஆவி. தீக்குச்சி கிழித்த வாசனை. குளம் வட்டமாக, கூரை மிக உயரமாக, அதில் வரிசையாக உருண்டை விளக்குகள். தண்ணீரில் தலைகள் மட்டும் தெரிந்தன, சந்தையில் பரப்பிய பூசணிக்காய்கள் மாதிரி. மாஸ்டர் கட்டைவிரலை நனைத்தார். எடுத்தார். மறுபடி நனைத்தார்.

"அம்மாடி! இதுல மனுஷன் இறங்குவானா, அரிசிதான் இறங்கும்."

இறங்கினார். வயிறு வரைக்கும் சுட்டது. நெஞ்சு வரைக்கும் வந்ததும் ஏனோ சுடுவது நின்று, உள்ளே எங்கேயோ ஒரு முடிச்சு அவிழ்ந்தது. அதை அனுபவிப்பதற்குள் ஒரு தொந்திக்காரர் குறுக்கே வந்து வளைவில் அசையாமல் நின்றார்.

"சார், வளைவுல நிறுத்தாதீங்க. பின்னாடி ஆளு வருதுல்ல?"

"என்னங்க, நீங்க லீவுல இருக்கீங்க" என்றாள் மனைவி. தொந்திக்காரர் என்ன ஏதென்று புரியாமல் மன்னிப்புக் கேட்டு நகர்ந்தார்.

வெள்ளைச் சீருடையும் கழுத்தில் விசிலுமாக ஒரு பணிப்பெண் தண்ணீருக்குள் வந்தாள். டாக்டர் சொல்லி அனுப்பியபடி மல்லாந்து மிதந்தால்தான் கழுத்து இளகும் என்றாள். அவர் பின்னந்தலையின் கீழ் கையைக் கொடுத்துச் சாய்த்தாள்.

"தோளை விடுங்க. கழுத்தை விடுங்க. நான் இருக்கேன்ல, எதுக்குப் பயம்?"

மாஸ்டருக்குத் தூக்கிவாரிப்போட்டது. அட, இது நம்ம வசனம்! முப்பது வருஷமாக மற்றவர்களுக்குச் சொன்னது. மறுபக்கத்தில் படுத்துக்கொண்டு கேட்கும்போது ஒரு வார்த்தைகூட நம்பும்படியாக இல்லை. வலது கால் விறைத்தது. ஓங்கித் தண்ணீரை மிதித்தது. ஆள் கல்லு மாதிரி உள்ளே போனார்.

மறுபடி சாய்த்தாள். மறுபடி மிதித்தார். மறுபடி உள்ளே.

"சார், கீழ எதை மிதிக்கிறீங்க?"

"பிரேக்கை" என்றாள் மனைவி.

அதற்குள் மூலையில் யாருக்கோ தலைசுற்றல் என்று கூப்பிட, பணிப்பெண் விசிலை ஊதிக்கொண்டு ஓடினாள். மனைவி அவர் பின்னால் வந்து நின்றாள். தலைக்குக் கீழே அவளுடைய இரண்டு உள்ளங்கைகளும் வந்தன.

"நான் புடிச்சிருக்கேன். சாயுங்க."

"விட்டுடாத."

"விடல."

காதுக்குள் தண்ணீர் புகுந்ததும் உலகம் அடங்கிவிட்டது. அவள் குரல் மட்டும், பக்கத்து அறையிலிருந்து கேட்பது போல வந்தது.

"நாளைக்கு நான் பதில் சொல்லணும். என்னன்னு சொல்ல?"

மல்லாந்து கிடக்கும் மனுஷன் முகத்தைத் திருப்பிக்கொள்ள முடியாது. எழுந்து பேப்பர் எடுக்கவும் முடியாது. அவருக்கு முதல் தடவையாக 'பார்க்கலாம்' என்று வரவில்லை.

"உன்னால முடியாதுன்னு நான் சொல்லலையே" என்றார் கூரையிடம். "மத்தவங்க ஓட்டுனா எப்ப மிதிக்கணும்னு எனக்குத் தெரியும். நீ ஓட்டுனா தெரிய மாட்டேங்குது. ஏதாவது ஆயிடுமோன்னு கால் அது பாட்டுக்கு முந்திக்குது."

"அன்னைக்கு சிக்னல்ல எத்தனை தடவை மிதிச்சீங்க, ஞாபகம் இருக்கா?"

"வண்டி நின்னுட்டுத்தானே இருந்தது?"

"நின்ன வண்டியிலதான் மிதிச்சீங்க! அதுக்குத்தான் இறங்கிப் போனேன்."

மாஸ்டருக்குச் சிரிப்பு வந்தது. வயிறு குலுங்கியதில் சின்ன அலை கிளம்பித் தொந்திக்காரர் வரை போனது.

"சரி, சும்மா இருங்க. மேல எத்தனை விளக்குன்னு எண்ணுங்க."

எண்ணினார். ஆவி மறைத்ததால் ஒவ்வொரு தடவையும் ஒன்று கூடியது, ஒன்று குறைந்தது. வெள்ளை வட்டங்கள் கலைந்தன, சேர்ந்தன. கழுத்து எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. இடுப்பு மெல்ல மேலே வந்தது. கால்கள் தங்களுக்கு ஒரு வேலையும் இல்லை என்பதைக் கண்டுபிடித்தது போல விரல்களை நீட்டிக்கொண்டு கிடந்தன.

"விளக்கு நிக்க மாட்டேங்குதே. நீ எண்ணேன்."

"நானும் எண்ணிட்டுத்தான் இருக்கேன்."

குரல் தலைமாட்டிலிருந்து வரவில்லை. கால்பக்கத்திலிருந்து, அதுவும் கொஞ்சம் தள்ளி வந்தது. மாஸ்டர் கண்ணை மட்டும் கீழே இறக்கினார். இரண்டு கட்டைவிரல்களுக்கு நடுவில், குளத்தின் எதிர்ப்படியில், அவள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"எப்ப விட்ட?"

"விளக்க எண்ணச் சொன்னப்பவே."

கேட்ட நொடியே மூழ்கினார். இரும்புச் சுவையில் இரண்டு மடக்கு உள்ளே போனது. இருமிக்கொண்டு எழுந்தபோது தொப்பி ஒரு காதில் தொங்கியது. பூசணிக்காய்கள் எல்லாம் அவர் பக்கம் திரும்பியிருந்தன.

"ஏமாத்திட்டே!"

"உங்ககிட்ட கத்துக்கிட்டதுதான். எதிர்க்கடைக்காரர் இதெல்லாம் சொல்லித் தரல." சிரித்துக்கொண்டே வந்தவள், அவர் தொப்பியை நேராக்கிவிட்டாள். "அவ்வளவு நேரம் மிதந்தீங்க. நீங்களேதான்."

உடை மாற்றி வெளியே வந்தபோது அவர் உடம்பு துவைத்துப் போட்ட துணி மாதிரி தொய்ந்திருந்தது. வரவேற்புப் பெண் வாளியை எடுத்துக் கொடுத்தாள்.

"முதல் தடவை வர்றவங்க உடனே வண்டி எடுக்க வேண்டாம் சார். அப்படிச் சாய்வு நாற்காலியில ஒரு மணி நேரம் படுத்துட்டுப் போங்க. இல்லன்னா வேற யாராவது ஓட்டட்டும்."

மாஸ்டர் மனைவியைப் பார்த்தார். அவள் மலைக்காட்சிப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது உனக்கு முன்னாடியே தெரியும்."

"எது?"

சாய்வு நாற்காலிகள் காலியாகத்தான் இருந்தன. மெத்தை போட்டு, மடித்த போர்வை வைத்து, வா வா என்றுதான் கூப்பிட்டன. மாஸ்டர் அவற்றை ஒரு பார்வை பார்த்தார். பாக்கெட்டுக்குள் கையை விட்டார். சாவியை எடுத்து வாளிக்குள் போட்டு, வாளியை அவளிடம் நீட்டினார்.

"நேரா கையில குடுத்தா என்ன?"

"வாளியைக் கொண்டாந்ததுக்கு இது ஒரு உபயோகம்."

காரில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்ததும் அவர் கால் தானாகப் பிரேக்கைத் தேடியது. வீட்டுக் காரில் அந்தப் பக்கம் வெறும் கால்மிதியடிதான் இருந்தது.

"கண்ணாடி..." என்று ஆரம்பித்தார்.

"சரிபண்ணிட்டேன்."

"பெல்ட்டு..."

"உங்களதுதான் போடல."

போட்டுக்கொண்டார். வாசலைத் தாண்டும்போது குறுக்கே ஒரு லாரி வந்தது. கால் எழும்பியது. மாஸ்டர் அதை இரண்டு கையாலும் பிடித்தார். முனகிக்கொண்டே மடக்கி சீட்டின் மேல் ஏற்றினார். அது திரும்ப இறங்கிவிடாமல் இன்னொன்றையும் ஏற்றிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். லாரி போனது. வண்டி அலுங்காமல் சாலையில் ஏறியது. பின்சீட்டில் வாளிக்குள் மக் மட்டும் கடகடத்தது.

அவள் ஓரக்கண்ணால் அந்தச் சம்மணத்தைப் பார்த்தாள். கொஞ்ச தூரம் போனதும் இண்டிகேட்டர் போட்டாள்.

"வீடு அந்தப் பக்கம்ல?"

"திங்கக்கிழமை பதில் சொல்றதுக்கு முன்னாடி, புது லேபுக்குப் போற வழியை ஒரு தடவை ஓட்டிப் பார்த்துடறேன்."

மாஸ்டர் தலையைத் திருப்பித் தோளுக்குப் பின்னால் சாலையைப் பார்த்தார். திருப்பின பிறகுதான் கழுத்து திரும்பியது உறைத்தது.

"ஒண்ணும் வரல" என்றார். "நான் இருக்கேன்ல, போ."

"நீங்க இருக்கிற லட்சணம்தான் தெரியுதே" என்று சொல்லிக்கொண்டே அவள் வண்டியைத் திருப்பினாள்.