எட்டாம் அளவு

என் வீட்டுக்காரர் எனக்கு ஏதாவது வாங்கித் தருகிறேன் என்று தானாக வாயைத் திறந்தால், நான் முதலில் பார்ப்பது அவர் முகத்தைத்தான். பொருளை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். குடைக் கம்பி இரண்டு ஒடிந்து தொங்கினாலும் "இன்னும் ஒரு மழைக்குத் தாங்கும்" என்கிற மனுஷன். அப்படிப்பட்டவர் ஒரு வியாழக்கிழமை ராத்திரிச் சாப்பாட்டில் ரசத்தைப் பிசைந்துகொண்டே, "ஈஸ்வரி, ஒன் ரீடர் பழசாப் போச்சு. புதுசு ஒண்ணு வாங்கிருவோம்" என்றார்.

நான் கரண்டியைக் கீழே வைத்தேன்.

ரீடர் என்பது நான் புத்தகம் படிக்கிற கருவி. சிங்கப்பூரில் இருக்கும் என் தம்பி கண்ணன் ஏழு வருஷத்துக்கு முன் கொண்டுவந்து கொடுத்தது. உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிசு, கறுப்பு வெள்ளைத் திரை, உள்ளே இருநூறு புத்தகத்துக்கு மேல் இருக்கிறது. கீரமங்கலத்துக்குப் பக்கத்தில் பள்ளிக்கூடம் ஒன்றில் நான் சத்துணவு அமைப்பாளர். பிள்ளைகள் சாப்பிட்டுக் கை கழுவிப் போனதும், அரிசி மூட்டையில் சாய்ந்து அரை மணி நேரம் படிப்பேன். எனக்கென்று நாளில் இருப்பது அந்த அரை மணி நேரம்தான். அதில் யாரும் கை வைக்கக்கூடாது.

அவருக்கும் படிப்புக்கும் வெகுதூரம். "படிச்சு கலெக்டராகப் போறியாக்கும்?" என்று இருபத்தெட்டு வருஷமாக ஒரே கேலி. அவருக்கு வேன்தான் எல்லாம். அவர் பேர் உதயசூரியன். உதயசூரியன் வேன் என்றால் எங்கள் பக்கம் எல்லோருக்கும் தெரியும். சுற்றுவட்டாரத்துப் பிள்ளைகள் பதிமூன்று பேரைக் காலையில் ஏற்றிக்கொண்டுபோய் ஆலங்குடியில் பள்ளிக்கூடத்தில் விடுவார். சாயங்காலம் திரும்பக் கூட்டிவந்து வீடு வீடாக இறக்குவார்.

இப்படிப்பட்டவருக்கு என் ரீடர் மேல் என்ன அக்கறை?

ரீடருக்குச் சீக்கு இருந்தது உண்மை. எழுத்து தானாகப் பெரிசாகிக்கொண்டிருந்தது. அதில் எழுத்தின் அளவை ஒன்று முதல் எட்டு வரை வைக்கலாம். நான் எப்போதும் மூன்றில் வைப்பேன். பொங்கல் சமயத்தில் ஒருநாள் திறந்தபோது ஐந்தில் இருந்தது. மூன்றுக்கு மாற்றினேன், மறுநாளும் ஐந்து. ஆடிக்குள் ஆறு ஆனது, இப்போது ஏழு. அதுமட்டுமில்லை, நான் படித்து முடித்து ஓரம்கட்டிய பழைய நாவல் ஒன்றின் முதல் பக்கம் தினமும் திறந்திருந்தது. அவரிடம் சொன்னேன். "பழசானா அப்படித்தான்" என்றார். நான் கேள்வியை முடிக்கும் முன்பே பதில் வந்துவிட்டது. எனக்கு அது பிடிக்கவில்லை.

வியாழக்கிழமை ராத்திரியே கணக்குப் போட்டுவிட்டேன். அறந்தாங்கியில் அவர் தங்கச்சி மகள் சரண்யா அரசாங்கப் பரீட்சைக்குப் படிக்கிறாள். புதுசை என் தலையில் கட்டிவிட்டு, பழசை அங்கே தள்ளப் பார்க்கிறார்கள். அண்ணனும் தங்கச்சியும் போனில் பேசி வைத்திருப்பார்கள். கேட்டால் நானே தூக்கிக் கொடுத்திருப்பேன். ஒளிக்கிறார் பாருங்கள், அதுதான் எனக்கு ஆகாது.

"சரி, வாங்குவோம்" என்றேன். எங்கே போய் நிற்கிறார் என்று பார்க்கத்தான்.

சனிக்கிழமை புதுக்கோட்டைக்குக் கிளம்பினோம். வாசலில் வேன் நிற்க, பஸ்ஸில் போவோம் என்றார். "வாரம் பூரா அதுலயேதான் உக்காந்துருக்கேன்" என்று காரணம் சொன்னார். யோசித்துப் பார்த்தால் ஒரு வருஷமாகவே பள்ளிக்கூடம் தவிர வேறு ஓட்டத்துக்கு அவர் போகவில்லை. கல்யாண வீடு, கோயில் என்று யார் கேட்டாலும், பொழுது சாய்ந்தால் முடியாது என்று சொல்லிவிடுவார். வயசாகிறது, வீட்டில் இருக்கட்டும் என்று நானும் சந்தோஷப்பட்டேன்.

கீழராஜ வீதிப் பக்கம் போன், கம்ப்யூட்டர் விற்கிற சின்னக் கடை. கடைக்காரர் ரகுநாத் மூன்று ரீடரை எடுத்துக் கண்ணாடி மேஜை மேல் வைத்தார்.

"அக்கா, இது புதுசு. உள்ளேயே லைட் இருக்கு, தண்ணி பட்டாலும் ஒண்ணும் ஆகாது. மத்த ரெண்டும் ஒருதடவை வாங்கித் திருப்பிக் குடுத்தது. ஆனா நல்லா ஓடும்."

திருப்பிக் கொடுத்ததில் ஒன்று எனக்குப் பிடித்துப்போனது. பக்கத்தைத் திருப்ப ஓரத்தில் பொத்தான் இருந்தது. எனக்குப் பள்ளிக்கூடத்தில் எந்நேரமும் கை ஈரம், திரையைத் தொட்டால் கேட்காது. எடை குறைவு, பையிலும் அடங்கும். இதுதான் என்று மனசுக்குள் முடிவு செய்துவிட்டேன்.

அவர் அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

"தம்பி, எழுத்து எம்புட்டுப் பெருசா வரும்?"

"இந்தப் பொத்தான் வச்சதுல ஒம்பது வரைக்கும்ணே. புதுசுல பதினாலு."

"பதினாலா? வச்சுக் காட்டுங்க."

ரகுநாத் வைத்துக் காட்டினார். என் வீட்டுக்காரர் வாங்கிப் பார்ப்பார் என்று நினைத்தால், "அப்படியே தூக்கிப் பிடிங்க" என்று சொல்லிவிட்டுப் பின்னோக்கியே நடந்தார். கடை வாசல் வரைக்கும் போய், படியில் ஒரு கால், ரோட்டில் ஒரு கால் வைத்து நின்று பார்த்தார். எனக்கு மானம் போனது.

"நீங்களா படிக்கப் போறீங்க?" என்றேன்.

"ஒனக்குத்தான். நாளைக்கே கண்ணு மங்குனா என்ன பண்ணுவ?"

"மங்குனா கையில வச்சுப் படிப்பேன். தெருவுல நின்னா படிப்பேன்?"

ரகுநாத் அவசரமாகக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார்.

"எனக்கு ஒண்ணும் வேணாம் தம்பி. பழசே போதும்" என்று பையை எடுத்துக்கொண்டேன். திரும்பிப் பார்த்தால் அவர் முகத்தில் கோபம் இல்லை, ஏமாற்றமும் இல்லை. பயந்துபோயிருந்தார். ஒரு ரீடர் வாங்காததற்கு எந்த ஆம்பிளை பயப்படுவான்? சரண்யா விஷயம் இல்லை இது என்று அப்போதே தெரிந்துவிட்டது. அப்படியென்றால் வேறு என்ன?

பஸ் ஸ்டாண்டில் வண்டி வந்து நேர் எதிரே நின்றது. "இது எங்கிட்டுப் போறது ஈஸ்வரி?" என்று கேட்டார். பலகையில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. கோபத்தை ஆற்றப் பேச்சுக் கொடுக்கிறார் என்று நினைத்து நான் பதில் சொல்லவில்லை. பக்கத்தில் நின்றவரிடம் கேட்டுக்கொண்டு ஏறினார்.

ஞாயிற்றுக்கிழமை பூராவும் அவரைக் கண்காணித்தேன். ஒன்றும் சிக்கவில்லை.

திங்கட்கிழமை காலை ஐந்தரைக்கு எழுந்தார். நான் தூங்குகிற மாதிரி கண்ணை மூடிக் கிடந்தேன். என் தலைமாட்டில் இருந்த ரீடரை மெதுவாக எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனார். டியூப்லைட் போடும் சத்தம் கேட்டது. நான் எழுந்து பின்னாலேயே போய்ச் சுவர் ஓரமாக நின்றேன்.

அலமாரியில் உப்பு ஜாடி மேல் ரீடரைச் சாய்த்து வைத்திருந்தார். கொல்லைக் கதவை ஒட்டி நாலு எட்டுத் தள்ளி நின்று, வலது கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டு எதையோ முணுமுணுத்தார். பிறகு இடது கண்ணை மூடிக்கொண்டு முணுமுணுத்தார். கிட்டே வந்து எழுத்தின் அளவை மாற்றிவிட்டு, மறுபடியும் கதவுக்குப் போனார்.

எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வருஷா வருஷம் கண் சோதிக்க வருவார்கள். சுவரில் அட்டையை மாட்டி, பிள்ளைகளைத் தள்ளி நிறுத்தி, ஒரு கண்ணை மூடச் சொல்லிப் படிக்கச் சொல்வார்கள். அது ஞாபகம் வந்ததும் நான் சமையலறைக்குள் போனேன்.

"எத்தனை நாளா?" என்றேன்.

அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. மழுப்பப் பார்த்தார், நான் விடவில்லை. கடைசியில் கொல்லைப்படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். சர்க்கரை கண்ணுக்குள் இறங்கிவிட்டதாம். போன வருஷமே டாக்டர் சொல்லியிருக்கிறார். கண்ணில் ஊசி போட வேண்டும் என்றதும் ஓடி வந்துவிட்டார். மே மாசம் டிரைவர்களுக்கு நடந்த கண் பரிசோதனை முகாமில், முன்னால் நின்றவர்கள் வாசித்ததைக் கேட்டு அப்படியே ஒப்பித்திருக்கிறார்.

"அதான் தெனமும் நானே பாத்துக்கிறேன். ஒன் ரீடர்ல நம்பர் இருக்குல்ல, எம்புட்டு எறங்குதுன்னு சரியாத் தெரியும். இன்னைக்கும் ஏழுல படிச்சுட்டேன். எட்டுல தெரியலைன்னா வேனை வித்துருவேன்னு சத்தியம் பண்ணி வச்சுருக்கேன் ஈஸ்வரி."

"எட்டு வந்துரும்னு தெரிஞ்சதும் பதினாலு உள்ளதைத் தேடிக் கடைக்குப் போனீங்களா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"பதிமூணு பிள்ளைங்க! முன் சீட்டுல உக்கார்ற பிள்ளைக்கு ஆறு வயசு!"

"ரோடு எனக்குத் தெரியும். எந்தப் பள்ளம் எங்க இருக்குன்னு கண்ணை மூடிக்கிட்டே சொல்வேன்."

"கண்ணை மூடிக்கிட்டுத்தான் ஓட்டுறீங்க."

"இல்ல. ஏழுல படிக்கிறேன், நீயே கேளு" என்று எழுந்து கதவை ஒட்டி நின்றார். அவர் பொய் சொல்லவில்லை, முழுசாக நம்பிச் சொன்னார். எனக்குத்தான் எதையும் சும்மா நம்புகிற குணம் கிடையாதே. ரீடரைத் துடைக்கிற மாதிரி கையில் எடுத்தேன். அந்த நாவலை மூடிவிட்டு, ஒரு சமையல் புத்தகத்தில் ஒரு பக்கத்தைத் திறந்து, ஏழில் வைத்து, ஜாடி மேல் சாய்த்தேன்.

"படிங்க."

ஒரு கண்ணை மூடிக்கொண்டு கணீரென்று ஆரம்பித்தார். "ரயில் நின்றபோது மழை விட்டிருந்தது. பிளாட்பாரத்தில் ஒருவரும் இல்லை. சுமதி பெட்டியை இறக்கிவைத்துவிட்டு..."

திரையில் சுண்டைக்காயை எப்படிக் காயவைப்பது என்று எழுதியிருந்தது.

என் வாழ்நாளில் ஒரு சந்தேகம் பொய்யாகட்டும் என்று நான் வேண்டிக்கொண்டது அந்த நிமிஷம்தான். அவர் பாட்டுக்கு வாசித்துக்கொண்டே போனார். ஒரு எழுத்து தடுமாறவில்லை. நான் பேசாமல் நிற்பதைப் பார்த்து நிறுத்தினார்.

"என்ன?"

"கிட்ட வந்து பாருங்க."

வந்தார். மூக்கு இடிக்கிற அளவுக்குக் குனிந்து பார்த்தார். வெகுநேரம் அப்படியே நின்றார். தினமும் ஒரே பக்கத்தை வாசித்து வாசித்து அது மனப்பாடமாகிவிட்டது அவருக்கே தெரிந்திருக்கவில்லை. முகாமில் மற்றவர்களை ஏமாற்றியவர், மாசக்கணக்காகச் சமையலறையில் தன்னையே ஏமாற்றிக்கொண்டிருந்திருக்கிறார்.

நான் எட்டில் வைத்தேன். அவர் தானாகவே கதவுக்குப் போனார். கையை எடுத்துவிட்டு இரண்டு கண்ணாலும் பார்த்தார். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை.

எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. அவர் மேல் பாதி ஆத்திரம், மீதி என் மேல்தான். ஊரில் எல்லோர் மேலும் சந்தேகப்படுகிறவள், சரண்யா மேல் சந்தேகப்பட்டேன், நாத்தனார் மேல் சந்தேகப்பட்டேன். இந்த மனுஷன் பஸ் பலகையைப் பக்கத்தில் நின்றவரிடம் கேட்டபோது முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பதிமூன்று வீட்டிலும் அந்நேரம் டிபன் பாக்ஸ் கட்டிக்கொண்டிருப்பார்கள்.

அவர் சட்டைப் பையிலிருந்து வேன் சாவியை எடுத்துச் சமையல் மேடையில் வைத்தார்.

"நானே எல்லாருக்கும் போன் பண்ணிச் சொல்லிர்றேன். நம்பரை மட்டும் நீ போட்டுக் குடு" என்றார்.

தென்னந்தோப்பு பிச்சைமுத்து வீட்டுக்கு முதலில் போட்டேன். முன் சீட்டில் உட்காருகிற பிள்ளை அவர் பேத்தி. போனைக் கையில் கொடுக்கும் முன் ஸ்பீக்கரை அழுத்தினேன். வேன் ரிப்பேர் என்று சொல்லிவிடுவாரோ என்று அப்போதும் எனக்குச் சந்தேகம்தான்.

"அண்ணே, உதயசூரியன் பேசுறேன். இனிமே நான் வேன் எடுக்க மாட்டேண்ணே. எனக்குக் கண்ணு தெரியலை."



"என்னப்பா சொல்ற? எப்ப இருந்து?"

"ஒரு வருஷமாண்ணே."

"அப்ப வெள்ளிக்கிழமை வரைக்கும் எப்புடிப்பா எம்பேத்தியக் கூட்டிட்டுப் போன?"

அவர் போனைக் கையில் பிடித்தபடி நான் நின்ற பக்கம் திரும்பினார். இன்னும் பன்னிரண்டு வீட்டுக்குச் சொல்ல வேண்டியிருந்தது.