யாரும் கேட்காத ஊர்

யுகேந்திரனின் தங்கை பட்டர்வொர்த்தில் புதுவீடு வாங்கிப் பால் காய்ச்சிய அன்று, சாப்பாட்டு மேசையில் எல்லார் காதிலும் விழும்படி அத்தை நல்லம்மாள் அவன் மனைவி பிரமிளாவிடம் கேட்டார்.

"ஈப்போவில ஒரு சீன டாக்டர் இருக்காராம்மா. அவர்கிட்ட போனவங்களுக்கெல்லாம் தங்கியிருக்காம். நீங்க போய்ப் பாத்தீங்களா?"

பிரமிளா அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே, "பாக்குறோம் அத்தை" என்றாள்.

அவர்கள் பார்த்து முடித்துவிட்டிருந்தார்கள். ஊசிகள், ஸ்கேன்கள், இரண்டு முறை கரு நின்று கலைந்தது, கடைசியாக டாக்டரே மேசையைப் பார்த்துக்கொண்டு பேசியது என்று எல்லாம் முடிந்துபோயிருந்தன. இனி வேண்டாம் என்று இருவரும் முடிவெடுத்ததை யாருக்கும் சொல்லவில்லை. சொன்னால் அதைப் பற்றியும் கேட்பார்கள்.

திரும்பும்போது பினாங்குப் பாலத்தில் கார்கள் ஊர்ந்தன. பிரமிளா கடல் பக்கமே முகத்தை வைத்திருந்தாள்.

"பிரமி, யாரும் கேக்காத ஊருக்குப் போயிடுவோமா?"

"எந்த ஊர்லங்க கேக்க மாட்டாங்க?"

"நம்ம பாஷ தெரியாத ஊர்ல."

அவன் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பழைய சகா மேத்யூ வேலையை விட்டுவிட்டு வியட்நாமில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தான். நான்கு வார மும்முரப் பயிற்சி ஒன்று, கையில் ஒரு பட்டம், அவ்வளவு போதும் என்றிருந்தான். ஜோடியாக வருகிறவர்களுக்குப் பள்ளியே வீடு கொடுக்குமாம். அந்தப் பயிற்சி ஜார்ஜ் டவுனிலேயே நடந்தது.

யுகேந்திரனுக்குத் தன் ஆங்கிலத்தில் பெருமை உண்டு. பாயான் பாருவில் ஒரு மின்னணுத் தொழிற்சாலைக்குப் பக்கத்திலேயே வீடு. அந்தத் தொழிற்சாலையின் சோதனைப் பிரிவில் சூப்பர்வைசர். அமெரிக்காவிலிருந்து மேலதிகாரிகள் கூப்பிட்டால், "யுகா, நீயே பேசுலா" என்று மற்றவர்கள் போனை அவன் பக்கம் தள்ளிவிடுவார்கள். பிரமிளா பல் மருத்துவமனை ஒன்றில் கவுன்டரில் உட்கார்ந்திருந்தாள். அவளுடைய ஆங்கிலம் பெயர், நேரம், எந்தப் பல் என்பதோடு முடிந்துவிடும். அப்படித்தான் அவன் நினைத்துக்கொண்டிருந்தான்.

"நீங்க படிங்க. நான் கூட வர்றேன். எனக்கு எதுக்குங்க கோர்ஸ்?"

"ஜோடியா போனாத்தான் வீடு கிடைக்கும். நீ சும்மா பாஸ் பண்ணா போதும். நான் இருக்கேன்ல?"

அந்தச் சமயம் தொழிற்சாலையில் விரும்புகிறவர்கள் இழப்பீடு வாங்கிக்கொண்டு விலகலாம் என்றார்கள். அவன் முதல் நாளே போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தான்.

பயிற்சி நிலையம் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் ஒரு பழைய கடைவீட்டின் மாடியில் இருந்தது. கீழே நாசி கண்டார் சோற்றுக்கடை. பதினொரு மணிக்கெல்லாம் மீன் குழம்பு வாசம் படியேறி வகுப்புக்குள் வந்துவிடும். காலையில் பாடம். மாலையில், அக்கம்பக்கத்திலிருந்து இலவசமாக ஆங்கிலம் பழக வருகிறவர்களை வைத்துப் பயிற்சி ஆசிரியர்கள் மாறி மாறி வகுப்பெடுக்க வேண்டும். மற்றவர்கள் பின்னால் உட்கார்ந்து கவனிப்பார்கள்.

நடத்தியவர் கிளாரிஸ். பினாங்குக்காரர், சைகோனில் பல வருடம் கற்பித்துவிட்டுத் திரும்பியவர். வகுப்பில் ஆங்கிலம் மட்டும். படியிறங்கிவிட்டால் தமிழ்.

முதலில் யுகேந்திரனின் முறை வந்தது. எதிர்காலத்தைப் பற்றிப் பேசுவது எப்படி என்பது பாடம். படங்கள் தயாரித்து, இரண்டு நகைச்சுவைகள் சேர்த்து, கண்ணாடி முன் ஒத்திகை பார்த்துப் போனான். பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். உணவகத்தில் வேலை செய்யும் மியன்மார் இளைஞர்கள், ஓய்வுபெற்ற ஒரு சீனத் தம்பதி, தலைமுக்காடு விற்கும் கடை வைத்திருந்த, சித்தி ஹாஜரா என்ற பெயருள்ள தமிழ் முஸ்லிம் பெண்மணி. அந்த அம்மாவின் மகன் பெர்த்தில் ஓர் ஆஸ்திரேலியப் பெண்ணைக் கட்டியிருந்தான். மருமகளோடு பேச வேண்டும் என்பதற்காகவே அவர் மாடியேறி வந்தார். யுகேந்திரன் பேசப் பேச எல்லாரும் சிரித்தார்கள், தலையாட்டினார்கள். சித்தி ஹாஜரா ஒரு வாக்கியத்தைத் தொடங்கித் திணறியபோது அவனே அதை அழகாக முடித்துக்கொடுத்தான். வகுப்பு முடிந்ததும் கை தட்டினார்கள்.

"நல்லா வந்துச்சுல?" என்று பிரமிளாவிடம் கிசுகிசுத்தான். அவள் சிரித்தாள்.

கிளாரிஸ் சிரிக்கவில்லை. படியிறங்கியதும், "அருமையாப் பேசினீங்க யுகா. அவங்க எவ்வளவு நேரம் பேசினாங்க?" என்று கேட்டார். அப்படி ஒன்றைக் கவனிக்க வேண்டும் என்றே அவனுக்குத் தோன்றியிருக்கவில்லை.

மறுநாள் பிரமிளா. காலையிலிருந்து அவள் எதுவும் சாப்பிடவில்லை. வழியில் பாசாரில் நிறுத்தச் சொல்லி ஒரு பை நிறையக் காய் வாங்கிக்கொண்டாள். வகுப்பில் பாகற்காயையும் கத்தரிக்காயையும் வாழைப்பூவையும் மேசைமேல் பரப்பினாள். பாகற்காயைத் தூக்கிக்காட்டி, எனக்கு இதைக் கசக்காமல் சமைக்கத் தெரியாது, யாருக்குத் தெரியும் என்று எளிய ஆங்கிலத்தில் கேட்டுவிட்டு நின்றாள்.

யாரும் பேசவில்லை. பின்னாலிருந்த யுகேந்திரனுக்கு வியர்த்தது. சொல்லு, ஏதாவது சொல்லு என்று அவன் உதடு அசைந்தது. அவள் சொல்லவில்லை. காயைப் பிடித்தபடி, அவசரமே இல்லாதவள்போல் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள்.

சித்தி ஹாஜரா எழுந்தார். உப்பு, என்றார். உப்புப் போடு. காத்திரு. பிழி. சீனத் தம்பதியில் அந்த அம்மா, இல்லை, உப்பு வேண்டாம், முட்டை என்றார். மியன்மார்ப் பையன்களில் ஒருவன் தன் ஊரில் இறால் போடுவார்கள் என்று கைகளால் இறாலை வரைந்து காட்டினான். அறை சந்தைபோல் ஆகிவிட்டது. பிரமிளா அவர்களுக்குத் தேவைப்பட்ட சொற்களை மட்டும் பலகையில் எழுதிக்கொண்டிருந்தாள்.

யுகேந்திரன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. பிறகு சந்தோஷத்துக்கு அடியில் வேறொன்று வந்து உட்கார்ந்துகொண்டது.

இரண்டாம் வாரமும் அவனால் வாயை அடக்க முடியவில்லை. குறைத்துக்கொள்ள நினைப்பான். ஆனால் வகுப்பில் ஒரு அமைதி விழுந்தவுடன், ஏதோ இயந்திரம் நின்றுவிட்டதுபோல் பதறிப் போய் அதை நிரப்பிவிடுவான். ஒருநாள் இறங்கும்போது சித்தி ஹாஜரா படியில் அவனை நிறுத்தினார்.

"கோவிச்சுக்காதீங்க தம்பி. ஒங்க இங்கிலீஷ் கேட்டுக்கிட்டே இருக்கலாம்லா. ஆனா நான் பேசத்தானே வர்றேன். மருமக போன் பண்ணா நான் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். அதுக்கு இங்க வரணுமா?"

"சாரி மா" என்றான்.

மூன்றாம் வாரம் அவன் பேசாமலிருக்க முடிவு செய்தான். கேள்வி கேட்டான். காத்திருந்தான். ஆனால் அவனுடைய காத்திருப்பு பிரமிளாவுடையதுபோல் இல்லை. முகம் இறுகி, அவர்களுக்குப் பரீட்சை வைப்பவன்போல் நின்றான். பையன்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அடுத்தது என்னவென்று அவனுக்கே மறந்துபோனது. படங்கள் வரிசை மாறின. நேரம் முடியுமுன்பே சீனத் தம்பதி மெல்ல எழுந்து போனார்கள். கடைசியில் எல்லோரையும் புத்தகத்தில் ஒரு பக்கத்தைப் படிக்கச் சொல்லிவிட்டு ஜன்னலோரம் போய் நின்றான்.

வீடு திரும்பும்போது காரில் பிரமிளா, "அடுத்த பாடத்துக்கு நானும் கூட உக்காந்து பாக்கவா?" என்று கேட்டாள்.

"நீ எனக்குச் சொல்லித்தரப் போறியா?"

"அப்படி இல்லைங்க."

"உனக்கென்ன, ஈசி. நீ பேசாம இருந்தே பழகினவ."

சொன்னதும் அவனுக்கே சுருக்கென்றது.

"நான் பேச வர்றதுக்குள்ள நீங்க பேசி முடிச்சிருவீங்க. டாக்டர்கிட்டகூட எனக்கு எங்க வலிக்குதுன்னு நீங்கதானே சொன்னீங்க."

குரலில் கோபம் இல்லை. அதுதான் அவனை அடித்தது.

கடைசி வாரத் தொடக்கத்தில் கிளாரிஸ் அவனைக் கீழே கடைக்கு அழைத்துப்போய்த் தேத்தண்ணி வாங்கிக்கொடுத்தார்.

"யுகா, நேராச் சொல்றேன். இந்தத் தடவ நீங்க பாஸாக மாட்டீங்க. இப்பவே விலகிட்டா பெயில்னு பதிவாகாது. அடுத்த வருஷம் வேணும்னா திரும்ப வரலாம்."

"அவ?"

"பிரமிளாவா? நான் பாத்ததுல நல்ல டீச்சருங்கள்ல ஒருத்தங்க."

அவன் விலகவில்லை. இன்னும் இரண்டு பாடங்கள் இருந்தன. இரண்டும் முதல் பாடத்தைவிட நன்றாகவே இருந்தன, ஆனால் போதவில்லை. முடிவு மின்னஞ்சலில் வந்தபோது பிரமிளா சமையலறையில் நின்றாள். தன்னுடையதைத் திறக்கவில்லை. "உங்களுது?" என்றாள். அவன் போனைக் கவிழ்த்து வைத்தான். அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் நல்ல தரத்தில் தேறியிருந்தாள் என்பதை அவனே அவள் போனை வாங்கிப் பார்த்துத் தெரிந்துகொண்டான்.

மேத்யூ வழியாக வியட்நாமின் டா நாங் நகரில் ஒரு பள்ளி அவளை நேர்காணலுக்குக் கூப்பிட்டது. திரையில் அவள் பேசும்போது அவன் படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டான். அவளுடைய ஆங்கிலத்தில் தவறுகள் இருந்தன. அந்தப் பக்கத்தில் யாரோ அடிக்கடி சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். அப்படி அவள் சிரித்து அவன் கேட்டு வெகுநாளாகியிருந்தது. வேலை கிடைத்துவிட்டது. ஒரு ஆளுக்கான அறைதான், ஆனாலும் இருவர் தங்கலாம் என்றார்கள்.

"நீங்களும் வாங்க" என்றாள் பிரமிளா.

"வந்து? நீ கிளாஸுக்குப் போனப்புறம் நான் சோறாக்கி வெச்சிருக்கணுமா?"

"வெச்சா என்னங்க?"

அவன் அதை நினைத்துப் பார்த்தான். அவள் வகுப்பிலிருந்து வருவாள், அவன் தட்டெடுத்து வைப்பான், அன்றைக்கு நடந்ததை அவள் சொல்வாள். இதில் கேவலம் என்ன என்று தன்னையே கேட்டான். கேவலம் இல்லை என்று தெரிந்தது. ஆனாலும் முடியாது என்பதும் தெரிந்தது.

"நீ போ. நான் அடுத்த வருஷம் கோர்ஸ முடிச்சிட்டு வந்துர்றேன்."

வேண்டாம், நீங்கள் இல்லாமல் நான் போகவில்லை என்று அவள் சொல்வாள் என எதிர்பார்த்தான். அவள் அவன் முகத்தைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் காத்திருந்தாள். இன்னும் ஏதாவது சொல்வானோ என்று காத்திருந்தாள் என்பது அவனுக்குப் பின்னால்தான் புரிந்தது.

"சரிங்க" என்றாள்.

பாயான் லெப்பாஸ் விமான நிலையத்தில் அவன் தங்கையும் நல்லம்மாளும் வந்திருந்தார்கள். "இந்த வயசுல எதுக்குமா தனியா?" என்றார் அத்தை. "வேலைக்குப் போறேன் அத்தை" என்று நிமிர்ந்து சொன்னாள் பிரமிளா. பெட்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போகுமுன் அவன் சட்டைக் காலரைச் சரி செய்தாள்.

பழைய தொழிற்சாலை அவனைத் திரும்ப எடுக்கவில்லை. வேறொன்றில் ஆறு மாத ஒப்பந்தத்தில், அவனைவிட இளைய சூப்பர்வைசருக்குக் கீழே, மின்சுற்றுப் பலகைகளைச் சரிபார்க்கும் வேலை கிடைத்தது. அங்கே யாரும் அவனிடம் போனைத் தள்ளவில்லை. ஒருநாள் லிட்டில் இந்தியாவில் சாமான் வாங்கும்போது சித்தி ஹாஜராவைப் பார்த்தான். பெர்த்துக்குப் போய்வந்திருந்தார். மருமகளோடு காலையெல்லாம் பேசினாராம். "டீச்சரம்மாவ ரொம்பக் கேட்டேன்னு சொல்லுங்க தம்பி" என்றார். சொல்கிறேன் என்றான்.

அடுத்த பயிற்சிக்கு விண்ணப்பிக்கும் தேதி வந்தது. அந்த வாரம் முழுக்கக் கூடுதல் வேலை இருந்தது. அதற்கடுத்த தேதியும் வந்தது. அப்போது கூடுதல் வேலை எதுவும் இல்லை. அப்போதும் அவன் விண்ணப்பிக்கவில்லை.

பிரமிளா முதலில் தினமும் அழைத்தாள். பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில். தீபாவளிக்கு வர முடியவில்லை, அங்கே அன்று பள்ளி உண்டு. அவள் பின்னால் மோட்டார் சத்தமும், அவனுக்குப் புரியாத மொழியும் கேட்கும். அவளும் இடையில் யாருக்கோ அந்த மொழியில் ஓரிரு சொல் பதில் சொல்வாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒப்பந்தத்தை இன்னும் இரண்டு வருடத்துக்கு நீட்டித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டதாகச் சொன்னாள்.

"நல்லதுலா" என்றான்.

"உங்களக் கேக்காம போட்டுட்டேன்."

"பரவால்ல."

இரண்டு பேரும் சும்மா இருந்தார்கள். அவன்தான் அதை உடைத்தான். பக்கத்து அறையை இரண்டு நேப்பாளிப் பையன்களுக்கு வாடகைக்கு விடப் போவதாகச் சொன்னான். அந்த அறையில் அவள் சேலைகள் இருந்த அலமாரியைத் தன் அறைக்கு மாற்ற வேண்டும், இல்லை தங்கை வீட்டுக்கு அனுப்பிவிடலாம்.

அலமாரியைத் தொடாதீர்கள், நான் வந்து பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லப்போகிறாள் என்று அவன் காத்துக்கொண்டிருந்தான்.

"தங்கச்சிக்கே குடுத்துருங்க" என்றாள். "அங்க சும்மாதானே இருக்கு."

சனிக்கிழமை தங்கையின் கணவர் லாரி கொண்டுவந்தார். இருவருமாக அலமாரியை மாடியிலிருந்து இறக்கினார்கள். அது இருந்த இடத்தில் சுவர் மட்டும் வேறு நிறமாகத் தெரிந்தது. நேப்பாளிப் பையன்கள் அங்கே ஒரு மெத்தையைப் போட்டுக்கொண்டார்கள்.