சோழியின் முதுகு

“எங்கம்மா இருபத்திரண்டு வருஷமா இங்க சோழி அரைக்கிறாங்கன்னு ஒரு தாள்ல எழுதி, கீழ கையெழுத்துப் போட்டுக் கொடுங்க.”

கேட்டேவிட்டாள். பெரியப்பாவிடம் எது வேண்டுமானாலும் கேட்கலாம். லீவு கேட்கலாம், பழைய மின்விசிறி கேட்கலாம், ஆஸ்பத்திரிக்குப் போக வண்டி கேட்கலாம். எழுத்தில் மட்டும் எதையும் கேட்கக் கூடாது. இவளுக்குப் பேச்சு வந்த நாளிலிருந்து அம்மா காதில் ஓதி வந்த பாடம் அது.

பெரியப்பா சிப்பி விளக்குக் கூடு ஒன்றைப் பிரஷ்ஷால் தட்டித் தூசி எடுத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

“என்ன டிகிரி, மத்தியானம் சாப்பிடலையா?”

“சாப்பிட்டேன். தாள் வேணும்.”

அவர் இவளுக்குப் பெரியப்பா இல்லை. அந்தச் சிப்பிப் பொருள் கடையில் வேலை செய்த யாருக்குமே அவர் சொந்தமில்லை. ஆனாலும் எல்லோருக்கும் அவர் பெரியப்பாதான். முதலாளி என்று கூப்பிட்டால் முகம் சுருங்கிப்போகும். முதலாளி என்று ஒருவர் இருந்தால் தொழிலாளி என்று ஒருத்தி இருக்க வேண்டும். தொழிலாளி இருந்தால் பதிவேடு இருக்க வேண்டும். பெரியப்பாவுக்கு அந்தத் தொந்தரவே கிடையாது. கடைக்குப் பின்னாலிருந்த தகரக் கொட்டகைக்குப் பதினோரு பெண்கள் தினமும் காலை எட்டு மணிக்கு ‘ஒத்தாசைக்கு’ வந்தார்கள். சாயங்காலம் ஆறு மணிவரை ஒத்தாசை செய்தார்கள். சனிக்கிழமை ஆனால், மடித்த நோட்டைக் கையில் வைத்து, “செலவுக்கு வெச்சுக்கோம்மா” என்பார். அதற்குக் கூலி என்று பெயர் சொல்ல யாருக்கும் வாய் வந்ததில்லை.

இவளுக்கு மட்டும் வேறு வேலை. குடும்பத்திலேயே முதலில் கல்லூரிப் படி ஏறியவள் என்பதால் கொட்டகைப் பெண்கள் ‘டிகிரி’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். படித்து முடித்து எட்டு மாதம் வேலை தேடி அலுத்த பிறகு பெரியப்பா கூப்பிட்டுக் கடையில் உட்கார வைத்தார். பொருளோடு தொங்கவிடும் அட்டைக்கு வாசகம் எழுத வேண்டும். எழுதினாள். ‘அலை ஒதுக்கியதை அதிகாலையில் ஒவ்வொன்றாகப் பொறுக்கினோம்; அன்போடு கோத்தோம்.’ வாங்க வருகிறவர்கள் அதைப் படித்துவிட்டுச் சோழி பதித்த கண்ணாடிச் சட்டத்தை மார்போடு அணைத்துக்கொள்வார்கள்.

அதிகாலையில் பொறுக்கியது ஒரு காலத்தில் உண்மைதான். அம்மா கூடையோடு கரைக்குப் போய், ஈர மணலில் குனிந்து குனிந்து கிளிஞ்சல் பொறுக்கி வந்தவள். இப்போது கரையில் கிடப்பது உடைந்த ஓடும் பிளாஸ்டிக் மூடியும். சரக்கு லாரியில் வருகிறது. சாக்கை அவிழ்த்தால் பாதிச் சிப்பி உயிரோடு வாய் மூடிக் கிடக்கும். குழியில் கொட்டி மூடி, சதை அழுகும்வரை விட்டு, அலசி, ஆசிட் தொட்டியில் முக்கி எடுத்தால் பளபளக்கும். சோழிக்கு இன்னொரு வேலையும் உண்டு. அதன் முதுகு கூனல். சட்டத்தில் படிந்து ஒட்ட வேண்டுமென்றால் கூனலை அரைத்துத் தட்டையாக்க வேண்டும். இரண்டு விரலில் சோழியைப் பிடித்துச் சாணைச் சக்கரத்தில் வைத்து அழுத்தினால் முதுகு மாவாகப் பறக்கும். ஒரு சட்டத்துக்கு நூற்று நாற்பது சோழி. அம்மாவின் வேலை அது.

தண்ணீர் விட்டு அரைத்தால் மாவு பறக்காது. ஆனால் ஈரச் சோழியில் பசை பிடிக்காது, ஒரு நாள் காயவேண்டும். அந்த ஒரு நாள் யாரிடமும் இல்லை. புகை இழுக்கும் விசிறி ஒன்று சுவரில் இருந்தது. அது ஊதிய தூசியெல்லாம் வாடிக்கையாளர்கள் நின்று போட்டோ எடுக்கும் பக்கம் போய் விழுந்ததால், பெரியப்பா அதன்மேல் அட்டை வைத்து ஆணி அடித்துவிட்டார்.

புருவம், இமை, காது மடல் எல்லாம் வெள்ளையாகத்தான் அம்மா வீட்டுக்கு வருவாள். கொட்டகையில் அவளுக்குப் பெயரே ‘பவுடர் அக்கா’. பொம்மை ஆமைக்குக் கால் ஒட்டுகிற ‘ஆமை அத்தை’ வாய்க்கு வாய் சொல்லிச் சிரிப்பாள்: “நாமெல்லாம் காசு கொடுத்துப் பூசிக்கிறோம். அக்காவுக்கு மட்டும் இனாம்.” அம்மாவும் சிரிப்பாள். சிரித்தால் இருமல் வரும். இருமி முடித்துவிட்டு மறுபடியும் சிரிப்பாள்.

எட்டு மாதத்துக்கு முன்னால் இருமலில் மூச்சு நின்று போகப் பார்த்தது. பக்கத்து டாக்டர் நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “என்ன வேலை பார்க்கறீங்க?”

“வீட்லதாங்க இருக்கேன்” என்றாள் அம்மா.

பொய் சொல்வதாக அம்மாவுக்குத் தோன்றவே இல்லை. இருபத்திரண்டு வருஷமாக யார் கேட்டாலும் சொல்கிற பதில் அது. இவளும் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தாள், பட்டதாரி. இவளுக்கும் அது உறைக்கவில்லை. முதல் வகுப்பிலிருந்து எத்தனை படிவம் நிரப்பியிருப்பாள். தாயின் தொழில் என்ற இடத்தில் ‘இல்லத்தரசி’ என்றே எழுதிப் பழகிய கை. டாக்டர் காசநோய் என்று முடிவு செய்தார். எட்டு மாதம் அம்மா மாத்திரை விழுங்கினாள். மாத்திரையை விழுங்கிவிட்டுச் சக்கரத்தின் முன்னால் போய் உட்கார்ந்தாள்.

போன வாரம் பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர் படத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு அம்மாவிடம் கேட்காமல் இவளிடம் கேட்டாள்: “இவங்க எதைச் சுவாசிக்கிறாங்க?”

அப்போதுதான் இவளுக்குத் தலையில் அடித்த மாதிரி இருந்தது. சோழி மாவு என்று சொன்னாள். தூசி நோய்க்கென்று ஒரு குழு இருக்கிறது, அவர்கள் ஒப்புக்கொண்டால் சிகிச்சையும் வீட்டுக்கே ஆக்சிஜனும் கிடைக்கும் என்றாள் டாக்டர். ஆனால் என்ன வேலை, எத்தனை வருஷம் என்று வேலை கொடுத்தவர் எழுதித் தர வேண்டும். எழுத்து இல்லையென்றால் ‘மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய்’ என்று போட்டு அனுப்பிவிடுவார்கள். “சீக்கிரம் கொண்டு வாங்க. பாதி நுரையீரல்தான் மிச்சம்.”

பெரியப்பா இப்போது பிரஷ்ஷைக் கீழே வைத்தார்.

“உங்கம்மாவுக்கு ஒண்ணுன்னா நான் சும்மா இருப்பேனா? எந்த ஆஸ்பத்திரின்னு சொல்லு, நானே கூட்டிட்டுப் போறேன். தாள் எதுக்கு நமக்குள்ள? தாள் எல்லாம் அந்நியனுக்கு.”

“ஆஸ்பத்திரி அந்நியம்தானே பெரியப்பா. அவங்க கேக்கறாங்க.”

“உன்னைப் படிக்க வெச்சது யாரு? காலேஜ்ல சேர்க்க உங்கப்பன் இல்லாம நின்னியே, அன்னிக்கு உன் ஃபாரத்துல காப்பாளர்னு கையெழுத்துப் போட்டது யாரு?”

“நீங்கதான். சொந்தம் என்னன்னு கேட்ட இடத்துல பெரியப்பான்னு எழுதினீங்க. இல்லாத சொந்தத்துக்குப் போட்டீங்களே, இருக்கிற வேலைக்குப் போடறதுக்கு என்ன?”

அவர் முகத்தில் கோபம் வரவில்லை. அதுதான் அவரிடம் இருந்த கெட்டிக்காரத்தனம். வருத்தம் வந்தது. பெற்ற பெண் எதிர்த்துப் பேசிவிட்ட மாதிரி கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்.

“சரி. உங்கம்மாவையே கேட்போம். அவ வாயால சொல்லட்டும், எழுதிடறேன்.”

அவரே எழுந்து கொட்டகைப் பக்கம் போய்க் குரல் கொடுத்தார். சக்கரம் நின்றது. இவளும் பின்னாலேயே போனாள். உள்ளே ஆசிட் நெடியும் அழுகின சதை நாற்றமும் ஒன்றாக மூக்கில் ஏறின. தகரக் கூரையின் ஓட்டை வழியே விழுந்த வெயில் கீற்றில் தூசி மெதுவாக மிதந்தது. பதினோரு பெண்களும் கையில் இருந்ததைக் கையிலேயே வைத்துக்கொண்டு பார்த்தார்கள்.

“இவ என்னமோ தாள் கேக்கறாம்மா” என்றார் பெரியப்பா. “நீ இங்க வேலை பார்த்தன்னு எழுதணுமாம். நம்ம கொட்டகையை இழுத்து மூடறதுக்கு வழி தேடறா. நீயே சொல்லு. நீ இங்க வேலைக்காரியா?”

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். துடைத்த இடம் மட்டும் கறுப்பாகத் தெரிந்தது. மகளைப் பார்க்கவில்லை.

“நான் எங்க வேலை பார்த்தேன்? சும்மா ஒத்தாசைக்கு வந்து போறேன்.”

“அம்மா.”

“பொழுது போகலைன்னு வர்றேன்” என்றாள் அம்மா, இன்னும் கொஞ்சம் சத்தமாக. அந்தச் சத்தத்துக்கு மூச்சு போதவில்லை. கடைசி எழுத்து இருமலில் போனது. ஒரு கையால் தூணைப் பிடித்துக்கொண்டு குனிந்து இருமினாள். ஆமை அத்தை ஓடி வந்து முதுகைத் தடவினாள். தடவிய கையில் வெள்ளையாக ஒட்டிக்கொண்டது.

“கேட்டியா?” என்றார் பெரியப்பா. “நான் சொல்லிக் கொடுத்தேனா?”

சொல்லித்தான் கொடுத்திருக்கிறார், இருபத்திரண்டு வருஷமாக. இவள் மற்றவர்கள் பக்கம் திரும்பினாள். “நீங்க சொல்லுங்க அத்தை. நீங்க என்ன பண்றீங்க இங்க?”

ஆமை அத்தை பல்லைக் காட்டினாள். “நானா? ஆமைக்குக் கால் வெச்சு விடறேன். ஒண்ணுகூட இதுவரைக்கும் நடக்கலை.”

இரண்டு பேர் சிரித்தார்கள். சிரிப்பு உடனே செத்தது.

“விஷயம் முடிஞ்சுது” என்று பெரியப்பா திரும்பினார்.

“முடியலை” என்றாள் இவள். “அவங்க வேலை பார்க்கலை. சரி. நான் பார்த்திருக்கேன்.”

அவர் நின்றார்.

“ஒன்பது வயசுல கொண்டுவந்து அந்த மூலைச் சக்கரத்துல உட்கார வெச்சீங்க, விரல் சின்னது, சின்னச் சோழிக்கு வாகா இருக்கும்னு. பதினேழு வயசு வரைக்கும் எல்லா லீவுக்கும் அரைச்சிருக்கேன். என்னை யாரும் கேட்டு மறுக்க வைக்க முடியாது. தொழிலாளர் ஆபீசுக்கு நேத்தே மனு எழுதியாச்சு, பையில இருக்கு. குழி எங்க இருக்கு, ஆசிட் தொட்டி எங்க, விசிறியை எதால அடைச்சிருக்கீங்க, எல்லாம் எழுதியிருக்கேன். வந்து பார்க்கட்டும். பார்த்துட்டு, சக்கரத்துக்கு முன்னாடி உட்கார்ந்திருக்கிறவங்க யாருன்னு அவங்களே எழுதட்டும். நீங்க ஒரு தாள் கொடுத்திருந்தா அந்த மனுவைக் கிழிச்சுப் போட்டிருப்பேன். அதுக்குத்தான் முதல்ல இங்க வந்தேன்.”

பெரியப்பா அட்டை அடித்த விசிறியைத் திரும்பிப் பார்த்தார். அம்மாதான் பேசினாள். இருமல் அடங்கி, மூச்சைப் பிடித்துப் பிடித்து.

“பூட்டிடுவாங்கடி. ஒரே நாள்ல பூட்டிடுவாங்க. என் மூச்சு என்னோட போகட்டும். இந்தப் பத்துப் பேர் வீட்டு அடுப்பை அணைக்க நீ யாரு?”

“இவங்க பத்துப் பேரும் இருமறாங்கம்மா. நீ கேட்டதில்லையா?”

“எல்லாம் கேட்டிருக்கேன். எனக்கு நீ பாடம் எடுக்காத. போனேன்னா, ராத்திரி வீட்டுக்கு வராத.”

இவளுக்கு அழுகை வரவில்லை. வந்திருந்தால் அம்மா மனசு மாறியிருப்பாளோ என்னவோ. கோபம் ஒன்றுதான் இருந்தது. அந்தக் கோபத்தில் பாதி தன்மேலேயே இருந்தது, டாக்டர் முன்னால் அந்த நாற்காலியில் வாயை மூடி உட்கார்ந்திருந்தவள்மேல். மாத்திரையில் போன அந்த எட்டு மாதத்தை யாராலும் திருப்பித் தர முடியாது.

“வா, போலாம்மா” என்று கையை நீட்டினாள். “நீ ஒரு வார்த்தைகூடச் சொல்ல வேண்டாம். பக்கத்துல நில்லு, போதும்.”

மகள் நீட்டிய கையை அம்மா பார்த்தாள். பிறகு போய்ச் சக்கரத்தின் முன்னால் உட்கார்ந்து, கூடையிலிருந்து ஒரு சோழியை எடுத்துக்கொண்டு, சுவிட்சைப் போட்டாள்.

சத்தம் கொட்டகையை நிறைத்தது. இனி யார் என்ன சொன்னாலும் யாருக்கும் கேட்காது. பெரியப்பா ஏதோ சொல்லிக்கொண்டு பின்னால் வந்தார். உதடு அசைந்தது மட்டும் தெரிந்தது. இவள் தொட்டியைச் சுற்றி, சாக்கு மூட்டைகளைத் தாண்டி, பக்கவாட்டுக் கதவு வழியே வெளியே வந்து செருப்பை மாட்டினாள்.

ஆமை அத்தை கையில் பசைக் குச்சியோடு வாசல்வரை ஓடி வந்துவிட்டாள்.

“அடியே, நில்லு. உங்கம்மா கோபத்துல சொல்றா. நாளைக்குப் பேசிக்கலாம்.”

“நாளைக்கு என் நெஞ்சையும் படம் எடுக்கப் போறேன் அத்தை. நீங்களும் வாங்க. என்ன வேலைன்னு கேப்பாங்க, மறைக்காம சொல்லுங்க.”

அத்தை உள்ளே திரும்பிப் பார்த்தாள். மறுபடியும் இவளைப் பார்த்தாள். பசை குச்சியிலிருந்து சொட்டி அவள் கால் விரலில் விழுந்தது.

தொழிலாளர் அலுவலகம் இரண்டு பஸ் மாறிப் போகிற தூரம். ஐந்து மணிக்குக் கதவை அடைத்துவிடுவார்கள். மணி மூன்றே முக்கால். இவள் தெருவில் இறங்கி நடந்தாள்.