மூக்குத்திப்பூச் சரிவு

டேராடூனிலிருந்து வந்த தாவரவியல் டாக்டர் நௌட்டியாலுக்கு மூட்டை சுமக்கத்தான் பிஷ்னா தேவி வனவிலங்குச் சரணாலயத்தின் மேல்வெளிப் புல்தரைக்குப் போனாள். வழியில் மோனால் பறவையைக் காட்டினாள். கஸ்தூரி மானின் குளம்படியைக் காட்டினாள். அவர் நின்றுகூடப் பார்க்கவில்லை.

"இதெல்லாம் புஸ்தகத்துலயே இருக்கும்மா."

அவளுக்குச் சுருக்கென்றது. "அப்ப இது இருக்கான்னு பாருங்க" என்று தன் ஆடுகள் மேயும் சரிவுக்கு அழைத்துப் போனாள். புல்லோடு புல்லாகக் கட்டைவிரல் உயரத்தில் நீலப்பூக்கள். ஊர்ப் பெண்கள் மூக்குத்திப்பூ என்பார்கள். டாக்டர் அப்படியே மண்டியிட்டார். எழுந்தபோது கண் கலங்கியிருந்தது.

"இத இதுவரைக்கும் யாருமே எழுதலம்மா. உன் பேரையே வைக்கிறேன்."

பேர் வைத்தார். தன் குருநாதரின் பேரை.

மறுவருஷம் பனி உருகியதும் சரிவைச் சுற்றிக் கம்பிவேலி எழுந்தது. அரிய செடியாம், ஆடு நுழையக் கூடாதாம். காவலுக்குப் போட்டது அவளுடைய கொழுந்தன் தலீப்பை.

"நான் என்ன அண்ணி பண்றது? மேலருந்து உத்தரவு."

"உங்கண்ணன் போனப்புறம் இந்த ஆட்டு ரோமத்த வித்துத்தான்டா உன்னப் படிக்க வச்சேன். நீ வேலிக்குக் காவல் நில்லு."

மேய்க்க இடமில்லாமல் நாற்பது ஆடுகளையும் கசாப்புக்காரன் ஓட்டிப்போனான். அவள் முழுநேரச் சுமைகூலி ஆனாள்.

வேலி போட்ட மூன்றாம் வருஷம் டாக்டர் இரண்டு மாணவர்களோடு வந்தார். வேலிக்குள் புல் இடுப்பளவு வளர்ந்து கிடந்தது. பூ ஒன்றுகூட இல்லை.

"ஆடு புகுந்திருக்கு" என்றார் அவர்.

"ரெண்டு வருஷமா இங்க ஒரு புழுக்கைகூட விழல சார். ஆடு கடிச்சாத்தான் பெரும்புல் அடங்கும். அது அடங்கினாத்தான் இந்தக் குட்டிச் செடி வெயிலப் பாக்கும்."

மாணவர்களில் ஒருவன் சிரித்தான். டாக்டர் குழந்தைக்குச் சொல்வதுபோல, "அப்படியில்லம்மா" என்றார். பிறகு குரலைத் தணித்து, "வேற எங்கயாவது பாத்திருக்கியா?" என்றார்.

பார்த்திருந்தாள். முகட்டுக்கு அப்பால், தங்கை கௌரா வாழ்க்கைப்பட்ட ஊரின் மேய்ச்சல்வெளியில் நீலக் கம்பளம் விரித்ததுபோல் பூத்துக் கிடந்தது. காவலுக்குக் கூடவே நின்ற தலீப்புக்கும் தெரியும். அவன் தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"இல்ல சார்."

"நல்லா யோசிச்சுச் சொல்லு."

"யோசிச்சுத்தான் சொல்றேன்."

இறங்கும்போது மூட்டை கனக்கவே இல்லை. தலீப் பக்கத்தில் வந்து, "நல்லதுதான் பண்ணினே அண்ணி" என்றான். "நீ வாயத் திறந்தா அந்தக் காக்கியக் கிழிச்சுப்புடுவேன்" என்றாள். ரொம்ப நாளைக்குப் பிறகு இருவரும் சிரித்தார்கள்.

குளிர்காலத்தில் டாக்டரின் அறிக்கை வந்தது. ஆடுகளால் செடி அழிந்துவிட்டது. அக்கம்பக்கத்தில் எங்காவது மிஞ்சியிருக்கக்கூடும். ஆகையால் முகட்டுக்கு அப்பாலும் மேய்ச்சலைத் தடுக்க வேண்டும். தடுத்தார்கள்.

கௌரா பனியில் நடந்து வந்து வாசலிலேயே நின்றாள்.

"உள்ள வாடி. டீ போடறேன்."

"எங்க பூவையும் காட்டிக் கொடுத்திட்டியாக்கா?"

"சத்தியமா இல்லடி. தலீப்பக் கேளு."

"காக்கிக்காரனக் கேக்கணுமா? நல்லாருக்கு. நீங்க ரெண்டு பேரும் ஒரே வீட்டுச் சோறுதானே."

பிஷ்னா அவள் கையைப் பிடித்தாள். கௌரா உதறிவிட்டு இறங்கிப் போனாள்.

அடுத்த கோடையில் சரணாலயம் பார்க்க நிறையப் பேர் வந்தார்கள். சுமைகூலிகளின் வரிசையில் கௌராவும் நின்றாள். இருவரும் ஒரே கூட்டத்துக்கு மூட்டை தூக்கினார்கள். மேல்வெளி வரைக்கும் கௌரா திரும்பிப் பார்க்காமல் இருபதடி முன்னாலேயே நடந்தாள்.