பில் இல்லாத முட்டை

நாலாயிரத்து முந்நூற்று இருபது ரூபாய். முட்டைக்கார அக்காவுக்குச் சுமைக்காரர் தரவேண்டிய பாக்கி அவ்வளவு. அதில் ஒரு முட்டைகூட அவர் வாய்க்குள் போகவில்லை.

எல்லாம் மகளால் வந்தது. அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஈர்க்குச்சி என்றால்தான் தெருவுக்குத் தெரியும். பள்ளி ஓட்டப்பந்தயத்தில் பாதித் தூரத்திலேயே சுருண்டு விழுந்தாள்.

"வெறும் வயித்துல ஓடவிட்டா விழாம என்ன பண்ணும்?" என்றாள் சுகாதார நிலையத்து நர்ஸம்மா.

அது சுமைக்காரருக்குச் சுருக்கென்று தைத்தது. ஊரார் வயிற்றுக்குப் போகிற மூட்டையெல்லாம் அவர் முதுகில் ஏறி இறங்குகிறது. பெற்ற பிள்ளையின் வயிறு காலி.

அடுத்த வாரமே, வேலைக்குப் போகுமுன், தான் மூட்டை சுமக்கும் கிடங்குக்குப் பின்னால் கிடந்த மைதானத்தில் மகளை மெல்ல ஓடப் பழக்கினார். வரிசை வீட்டுப் பிள்ளைகளும் ஒட்டிக்கொண்டன. ஓடி முடித்தால் ஆளுக்கொரு அவித்த முட்டை. குழந்தைகளின் உடல்நலத்துக்கு வட்டாரச் சங்கம் உதவித்தொகை தருகிறது என்று நர்ஸம்மாதான் மனு எழுதிக் கொடுத்தாள்; கையோடு பிள்ளைகளை எடையும் போட்டு வைத்தாள். பணம் வரும்வரை என்ன செய்வது? சந்தை வாசலில் தள்ளுவண்டி போட்டிருக்கும் முட்டைக்கார அக்காவிடம் போய் நின்றார்.

"வந்த கையோட தந்துடறேன்க்கா."

"வரலேன்னா?"

"என் முதுகை எடுத்துக்குங்க."

"தேஞ்சுபோன முதுகை வச்சு நான் என்ன பண்ண?" என்றாள். ஆனாலும் ஒரு ட்ரேயை எடுத்து நீட்டினாள்.

ட்ரே மேல் ட்ரேயாகப் பாக்கி ஏறிய பிறகுதான் உதவித்தொகை ஆடி அசைந்து வந்து சேர்ந்தது. கூடவே ஒரு கடிதமும். நர்ஸம்மா வாசித்துச் சொன்னாள்: பணம் வருவதற்கு முன் செய்த செலவுக்கு அதிலிருந்து எடுக்கக் கூடாது. இனி வாங்குவதும் பில் தருகிற கடையில்தான் வாங்க வேண்டும். மூன்று மாதம் கழித்து மறுபடி எடை பார்ப்பார்கள். பிள்ளைகள் தேறியிருந்தால்தான் அடுத்த தவணை.

பழைய பாக்கியை இனிச் சுமைக்காரர் தன் கூலியிலிருந்துதான் அடைக்க வேண்டும். ஆனாலும் ஒளிந்து திரிகிற ஆள் இல்லை அவர். நேரே தள்ளுவண்டிக்குப் போய் உள்ளதைச் சொன்னார்.

"அப்போ நான் குடுத்ததெல்லாம் கூமுட்டையா?" அக்கா போட்ட சத்தத்தில் சந்தையே திரும்பியது. "பில்லு இருந்தாத்தான் மஞ்சக்கரு மஞ்சளா இருக்குமோ? இரு, நாளைக்கு மைதானத்துக்கே வர்றேன். பிள்ளைங்க முன்னால கேட்டாத்தான் உனக்கு உறைக்கும்!"

சொன்னபடியே வந்தாள். ஆனால் சுமைக்காரர் நின்றால் பின்னால் வரும் பிள்ளைகளும் நின்றுவிடும். அவர் நிற்கவில்லை.

"நில்லுய்யா!"

"நடந்துகிட்டே திட்டுங்கக்கா. காது இங்கதான் இருக்கு."

அரைச் சுற்றிலேயே அவளுக்கு மூச்சு வாங்கியது. திட்டு பாதியில் நின்றுபோனது. மீதியைத் திட்ட மறுநாளும் வந்தாள். அதற்கடுத்த நாளும் வந்தாள். கூலியில் மிச்சம் பிடித்து அவர் ஐம்பதும் நூறுமாகக் கொடுப்பார். வாங்கிப் பைக்குள் திணித்துக்கொண்டு, மீதிக்குத் திட்டியபடியே கூட நடப்பாள். போகப்போக அந்தத் திட்டு திசை மாறியது. "ஏய், ஷூ கயித்தைக் கட்டுடா, விழுந்தா பல்லு போயிடும்!" "மூக்கைச் சிந்திட்டு ஓடு!" பிள்ளைகள் அவளை அத்தை என்று கூப்பிட ஆரம்பித்தன.

"ஏண்டி ஈர்க்குச்சி, பில்லு முட்டை எப்படி இருக்கு?"

"சப்புனு இருக்கு அத்தை." சொன்னவள் கடைசித் துண்டை வாயில் போட்டுக்கொண்டாள்.

அன்றைக்கு முழுக்க அக்கா யாரையும் திட்டவில்லை.

எடை பார்க்கும் நாள் வந்தது. நர்ஸம்மா மைதானத்து ஓரமாக எடைமேடையை வைத்தாள். தவணை நின்றால் முட்டை நிற்கும். முட்டை நின்றால் வெறும் வயிற்றோடு பிள்ளைகளை ஓடவிட அவருக்கு மனம் வராது. ஒவ்வொருவராக ஏறி இறங்கினார்கள். கடைசியாக ஈர்க்குச்சி ஏறினாள். சுமைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அக்காவோ எல்லோரையும் விலக்கிக்கொண்டு போய் முள்ளருகே குனிந்தாள். முன்பு பத்தொன்பதில் நின்ற முள் இருபத்தொன்றைத் தாண்டி நின்றது.

"எல்லாருமே தேறியிருக்காங்க. உதவித்தொகை நல்லா வேலை செஞ்சிருக்குன்னு எழுதிடறேன்," என்றாள் நர்ஸம்மா.

சுமைக்காரருக்குத் தலை ஆட்டிவிட்டுப் போக முடியவில்லை.

"நர்ஸம்மா, அதுல ஒண்ணு சேர்த்து எழுதுங்க. பணம் வர்றதுக்கு முன்னால பிள்ளைங்க தின்னது இந்த அக்கா கடனா குடுத்த முட்டை. இந்த எடையில அதுவும் இருக்கு."

"அதுக்குப் படிவத்துல கட்டம் இல்லைங்களே."

"ஓரத்துல எழுதுங்க."

 நர்ஸம்மா ஓரத்தில் எழுதினாள். "அக்கா, நீங்களும் ஒரு பில் புத்தகம் போட்டுக்குங்க. அடுத்த தவணையில உங்ககிட்டயே வாங்கச் சொல்றேன்."

அக்கா காதில் அது ஏறியதாகத் தெரியவில்லை. அவள் கண் இன்னும் எடைமேடையிலேயே நின்ற ஈர்க்குச்சியை விட்டு நகரவில்லை. சுமைக்காரர் அன்றைய நூறு ரூபாயை நீட்டினார்.

"இன்னும் மூவாயிரத்துச் சொச்சம் பாக்கிக்கா."

"என்ன பெரிய பாக்கி? அதோ நிக்குதே, என் பாக்கியெல்லாம் ரெண்டு கால் முளைச்சு." நூறு ரூபாயை அவர் சட்டைப் பையிலேயே திரும்பச் சொருகினாள். "இத்தோட தீந்துச்சு. இனி நீ குடுத்தா நான் வாங்க மாட்டேன். நானே புத்தி கெட்டுக் கேட்டாலும் நீ குடுக்காதே."

 அவருக்குக் கும்பிடத் தோன்றியது, அதற்கும் திட்டுவாள்.

"அப்போ நாளைலேருந்து வரமாட்டீங்களாக்கா?"

"ஏன் வரமாட்டேன்? மைதானம் உங்கப்பன் வீட்டுச் சொத்தா?" என்று சொல்லிவிட்டு, ஈர்க்குச்சியின் கையைப் பிடித்து எடைமேடையிலிருந்து இறக்கினாள்.