ஏழாவது அடுக்கு

1987 ஜூலை 31, வெள்ளிக்கிழமை பிற்பகல் இரண்டு பத்துக்கு, கனடாவின் கிம்லி ஊரில், தன் வீட்டுச் சமையலறையில் ரூனா இறந்தாள். வயது எழுபத்தாறு.

வண்டி அவளை எடுத்துக்கொண்டு போன பிறகுதான், அடுப்பு இன்னும் எரிந்துகொண்டிருப்பது அவள் கணவர் ஸ்காப்டிக்குத் தெரிந்தது. அணைத்தார். மேசையில் வட்டமான ஆறு கேக் அடுக்குகள் ஆறிக்கொண்டிருந்தன. பக்கத்தில் ஒரு சட்டி நிறைய, ஏலக்காய் போட்டுக் கிண்டிய உலர்பிளம்ஸ் கூழ். பலகையில் ஒரு மாவுருண்டை மிச்சமிருந்தது. அதில் அவளுடைய கட்டைவிரல் அழுந்திய குழி.

வீனர்டெர்ட்டா கேக்குக்கு ஏழு அடுக்கு. ஐந்தோடு நிறுத்துகிறவர்கள் ஊரில் உண்டு; தேவாலயக் கூடத்து மேசையில் அவர்களுக்கு இடமில்லை. ஐஸ்லாந்திலிருந்து வந்து குடியேறியவர்களின் ஊர் அது; திங்கட்கிழமை ஐஸ்லாந்தியர் விழா. நாற்பத்தோரு வருடமாக அந்த மேசையின் இடது கோடியில் ரூனாவின் பெயரட்டை நின்றது. கேக் வராவிட்டால் அட்டையை எடுத்துவிடுவார்கள்.

கால்கரியிலிருந்து மகள் எலின் கூப்பிட்டாள்.

"செவ்வாய்க்கிழமைதான்பா ஃப்ளைட் கிடைச்சுது. சாப்பிட்டீங்களா?"

"ஆறு சுட்டுட்டா. ஒண்ணு பாக்கி."

"எது?"

"கேக்கு."

"அப்பா, அதை இப்ப யாரு கேக்கப் போறா? தூக்கிப் போடுங்க."

"அவ பேரு மேசையில இருக்கணும்ல."

"அடுப்புல கையச் சுட்டுக்காதீங்க" என்றாள் எலின்.

ஐம்பது வருடம் ஏரியில் வலை போட்டவர், மாவைத் தொட்டதில்லை. மாவு தேய்க்கும் உருளையைக் கையில் எடுத்துக்கொண்டு அந்தக் குழியைப் பார்த்தபடி நின்றார். பிறகு அதன் மேல் வைத்துத் தேய்த்தார். அடுப்பை மறுபடி மூட்டி உள்ளே வைத்தார். பத்து நிமிடத்தில் அடுக்கு வெளிறித் தெரிந்தது. வேகவில்லை என்று நினைத்து இன்னும் பத்து நிமிடம் விட்டார். ரூனாவுடையவையும் வெளிறித்தான் இருந்தன. மேசைப் பக்கம் திரும்பிப் பார்க்க அவருக்குத் தோன்றவில்லை. வெளியே எடுத்தபோது அது படகுப் பலகையின் நிறத்தில் இருந்தது. அதை அடியில் வைத்து, மற்ற ஆறையும் கூழ் தடவி அடுக்கி, ஈரத்துணியில் சுற்றினார். ஊறுவதற்கு மூன்று நாள் இருந்தது.

திங்கட்கிழமை கூடத்தில் மேசைக்குப் பொறுப்பு ஸ்வாவா. தன் கேக்கின் மேல் சர்க்கரைப் பூச்சு போடுகிறவள். அதற்காகவே ரூனா முப்பது வருடம் அவளோடு முகம் கொடுத்துப் பேசியதில்லை.

"வழக்கம் போல மொட்டையாத்தான் கொண்டாந்திருக்கே" என்றாள் ஸ்வாவா.

"பூச்சு பூசினா எந்திரிச்சு வந்துடுவா."

"வரட்டுமே. யாரு வேணாங்கறா?"

சொல்லிவிட்டு அவள் குனிந்து கத்தியைத் தேடினாள். விளிம்பில் விரல் வைத்து அடுக்குகளை எண்ணினாள். ஏழு. வெட்டத் தொடங்கினாள். ஆறு அடுக்கில் கத்தி மெத்தென்று இறங்கியது. ஏழாவதில் நின்றது.

ஸ்வாவா நிமிர்ந்து பார்த்தாள். ஸ்காப்டி ஜன்னல் வழியே ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் மறுகையின் உள்ளங்கையைக் கத்தியின் முதுகில் வைத்து முழு பலத்தோடு அழுத்தினாள். டக்கென்று சத்தம் கேட்டது. தட்டு எடுக்க நின்ற பெண்கள் திரும்பினார்கள்.

"ரூனா வீட்டு அடுப்பு எப்பவுமே சூடு ஜாஸ்தி" என்றாள் ஸ்வாவா பொதுவாக. "தட்டைக் குடுங்கடி."

நாலு மணிக்கு மேசையைத் துடைத்தார்கள். துண்டுகள் எல்லாம் தீர்ந்திருந்தன. கழுவப் போட்ட தட்டுகள் பலவற்றில் அடி அடுக்கு மட்டும் கிடந்தது. ஸ்வாவா ஒரு துண்டை முன்பே காகிதத்தில் சுற்றி வைத்திருந்தாள். அதை ஸ்காப்டியிடம் கொடுத்தாள்.

வீட்டில் காப்பி போட்டு, அதில் தோய்த்துச் சாப்பிட்டார். கடைசி அடுக்கு ஊறுவதற்கு இரண்டு கோப்பை ஆனது.